தொடர் குளுக்கோஸ் சென்சார்: இன்சுலின் போட்டுக்கொள்பவரின் மதிப்புரை

உடலில் ஒட்டிக்கொண்டு இரவும் பகலும் சர்க்கரை அளவைக் காட்டிவரும் தொடர் குளுக்கோஸ் சென்சார்களைப் பற்றி வரும் மதிப்புரைகள் பெரும்பாலும் துல்லியத்தில் தொடங்கித் துல்லியத்திலேயே முடிந்துவிடுகின்றன. எந்தக் கருவியின் அளவு ஆய்வகப் பரிசோதனைக்கு எவ்வளவு நெருங்கி வருகிறது, எது எத்தனை நாள் தாங்குகிறது, எதன் செயலி அடிக்கடி இணைப்பை இழக்கிறது என்பவையெல்லாம் தெரிந்துகொள்ள வேண்டியவைதாம். ஆனால் இன்சுலின் போட்டுக்கொள்ளும் ஒருவர் இதை வாங்க நினைப்பதற்குக் காரணம் வேறு. இரவில் சர்க்கரை இறங்கிவிடுமோ என்ற பயமின்றித் தூங்க வேண்டும். நாலு பேர் நடுவில் பேசிக்கொண்டிருக்கும்போது கை நடுங்கத் தொடங்கிவிடுமோ என்ற எண்ணம் விலக வேண்டும். நாளில் பலமுறை விரலைக் குத்திக்கொள்ளும் வேலை குறைய வேண்டும். அதாவது அவர் எதிர்பார்ப்பது நாளைக் கழிக்கும் விதத்தில் ஒரு மாற்றம். அந்த மாற்றம் வருகிறதா, வந்தால் எந்த அளவுக்கு, அதற்கு ஈடாக எதைக் கொடுக்க வேண்டியிருக்கிறது என்பதை மட்டுமே இங்கே எழுதுகிறேன். நான் பயன்படுத்துவது மேல்கையின் பின்புறம் ஒட்டிக்கொள்ளும், 14 நாள் தாங்கும் வகை. சொல்லப்போகும் குறைநிறைகள் பெரும்பாலும் அந்த வகைக் கருவிகள் எல்லாவற்றுக்கும் பொருந்துபவை என்பதால் தயாரிப்பாளரின் பெயர் தேவைப்படவில்லை.

முதலில் கருவி என்ன அளக்கிறது என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். பிற்பாடு வரும் ஏமாற்றங்களில் பாதி இது தெரியாததால் வருபவை. சென்சார் இரத்தத்தை அளப்பதில்லை. தோலுக்கு அடியில் உயிரணுக்களைச் சூழ்ந்திருக்கும் நீர்மத்தில் உள்ள குளுக்கோஸை அளக்கிறது. ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் ஆழத்துக்கு இறங்கும் மெல்லிய இழையில் பூசப்பட்ட நொதி, குளுக்கோஸுடன் வினைபுரிந்து மிகச் சிறிய மின்னோட்டத்தை உண்டாக்குகிறது. அந்த மின்னோட்டமே கணக்கிடப்பட்டு எண்ணாகத் திரையில் தெரிகிறது. நொதியையும் மின்முனையையும் இணைத்து குளுக்கோஸை அளக்கலாம் என்ற கருத்தை லேலண்ட் கிளார்க் 1962இலேயே முன்வைத்தார். முதல் தொடர் அளவீட்டுக் கருவிக்கு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 1999இல் ஒப்புதல் அளித்தது. அது 3 நாள் தரவைச் சேமித்து வைத்துக்கொள்ளும். மருத்துவர் பின்னர் இறக்கிப் பார்ப்பார். அணிந்திருப்பவருக்கு அந்த நேரத்தில் எதுவும் தெரியாது. விரலைக் குத்தி ஒப்புநோக்கிச் சரிசெய்யும் தேவையில்லாத, 14 நாள் சென்சார் 2014இல் ஐரோப்பாவில் விற்பனைக்கு வந்த பிறகே இது நோயாளியின் கைக்கு உரிய பொருளாகப் பரவலாயிற்று.

ஒட்டுவது எளிது. மேல்கையின் பின்புறத்தைத் துடைத்து, முழுதும் உலரவிட்டு, ஒட்டுக்கருவியை வைத்து அழுத்தினால் 'டக்' என்ற ஒலியோடு வேலை முடிந்துவிடுகிறது. ஊசி உள்ளே போய் இழையை வைத்துவிட்டு அதே நொடியில் திரும்பிவிடுவதால் வலி என்று சொல்லும்படி ஏதுமில்லை; விரல் நுனியைக் குத்துவதைவிடக் குறைவுதான். உலரவிடுவதில் மட்டும் அவசரப்படக்கூடாது. ஈரம் இருந்தால் நான்காம் நாளே விளிம்பு எழும்பத் தொடங்கும். எழும்பிய விளிம்பு சட்டைக் கையில் மாட்டும். கதவுநிலையில் ஒருமுறை உரசினால் போதும், சென்சார் கையோடு வந்துவிடும். தொடங்கிய பிறகு கருவியைப் பொறுத்து அரை மணி முதல் இரண்டு மணி நேரம் வரை எண் எதுவும் வராது. அதன் பின்பும் முதல் நாள் வரும் எண்களைச் சற்று ஐயத்தோடுதான் பார்க்க வேண்டியிருக்கிறது. இழை நுழைந்த இடத்தில் திசு ஆறி நிலைபெறும் வரை அளவு தடுமாறுகிறது.

எண்ணைவிட அதன் பக்கத்தில் தெரியும் அம்புக்குறியே இக்கருவியின் உண்மையான பயன் என்று கருதுகிறேன். விரல் நுனிச் சோதனையில் 110 என்று வந்தால் அது நல்ல எண். ஆனால் அது 180இலிருந்து வேகமாக இறங்கி வரும் 110ஆ, இரண்டு மணி நேரமாக அசையாமல் நிற்கும் 110ஆ என்று குளுக்கோமீட்டர் சொல்லாது. முதலாவது நிலையில் வண்டியோட்டக் கிளம்புவது ஆபத்து. இரண்டாவதில் கவலையே இல்லை. பல ஆண்டுகள் இன்சுலின் போட்டுக்கொண்டவர்கள் இந்த வேறுபாட்டை உடல்குறிப்பால் ஊகித்துப் பழகியிருப்பார்கள். ஊகம் தவறும்போது அதன் விலையையும் கொடுத்திருப்பார்கள். இறங்கு அம்பைக் கண்டு முன்கூட்டியே சிறிது மாவுச்சத்து எடுத்துக்கொள்வதும், ஏறு அம்பைக் கண்டு ஊசியையும் சாப்பாட்டையும் எவ்வளவு இடைவெளியில் வைத்துக்கொள்வது என்று தீர்மானிப்பதும் சில வாரங்களில் கைவந்துவிடுகின்றன. விடியற்காலையில் எதுவும் சாப்பிடாமலேயே கோடு மேலேறுவதைப் பார்க்கும்போது, இத்தனை காலம் முந்தைய இரவின் உணவைக் குறைசொன்னது எவ்வளவு வீண் என்பதும் விளங்குகிறது. அந்த நேரத்தில் கார்ட்டிசாலும் வளர்ச்சி இயக்குநீரும் கூடுவதால் கல்லீரல் தன்பாட்டுக்குச் சர்க்கரையை வெளிவிடுகிறது. தவறு செய்துவிட்டோம் என்ற எண்ணத்திலிருந்து இப்படி ஒரு விடுதலை கிடைப்பதை எந்தத் தயாரிப்பாளரும் விளம்பரத்தில் சொல்வதில்லை. எனக்கு அது பெரிய வரவாகத் தெரிகிறது.

இரவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். இன்சுலின் போடுபவரின் வாழ்க்கைத் தரத்தை எது அதிகம் குலைக்கிறது என்று கேட்டால், கண்ணும் சிறுநீரகமும் பற்றிய தொலைதூர அச்சத்துக்கு முன்னதாக, இன்றிரவு சர்க்கரை தாழ்ந்துவிடுமோ என்ற அருகாமை அச்சத்தைத்தான் பலர் சொல்வார்கள். அதற்கு நியாயம் இருக்கிறது. 1983 முதல் 1993 வரை 1,441 பேரைக் கொண்டு நடந்த நீரிழிவுக் கட்டுப்பாடும் சிக்கல்களும் பற்றிய பெரும் ஆய்வு, சர்க்கரையை இறுக்கமாகக் கட்டுப்படுத்தினால் முதல் வகை நீரிழிவில் (உடல் இன்சுலினைச் சுரப்பதே ஏறத்தாழ நின்றுபோகும் வகை) விழித்திரைப் பாதிப்பு வெகுவாகக் குறையும் என்பதை நிலைநாட்டியது. அதே ஆய்வில், இறுக்கமான சிகிச்சை பெற்றோரிடையே பிறர் உதவி தேவைப்படும் அளவுக்கான தாழ்சர்க்கரை மற்றவர்களைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு ஏற்பட்டது. ஆகவே நல்ல கட்டுப்பாட்டை நாடுபவர் இரவுக்கு அஞ்சியே வாழ வேண்டியிருந்தது. அந்த அச்சத்தில் பலர் படுக்கப் போகும்போது வேண்டுமென்றே சர்க்கரையை உயர்த்தி வைத்துக்கொள்கிறார்கள். மருத்துவரிடம் அதைச் சொல்வதுமில்லை. அறிக்கையில் காலை அளவு ஏன் எப்போதும் 200ஐத் தாண்டுகிறது என்ற கேள்விக்கு விடை பல நேரம் இதுதான்.

சென்சார் இந்த இடத்தில் தன் பெயரைக் காப்பாற்றுகிறது. அளவு 70க்குக் கீழே போகுமுன் ஒலிக்கும்படி எல்லையை 80இல் வைத்துக்கொள்ள முடிகிறது. வேகமாக இறங்கினால் முன்னதாகவே எச்சரிக்கும் வசதி சில கருவிகளில் உண்டு. இதில் பாதுகாப்புக்கு மேலும் ஒரு பயன் இருக்கிறது. அடிக்கடி சர்க்கரை தாழ்ந்துபோகிறவர்களுக்கு அட்ரினலின் சுரக்கும் எதிர்வினை மங்கி, வியர்வை, படபடப்பு போன்ற முன்னறிகுறிகளே தெரியாமல் போய்விடும். தாழ்நிலைகளைச் சில வாரங்கள் தவிர்த்துவந்தால் அந்த உணர்வு ஓரளவு திரும்ப வருவதுண்டு. ஆகவே கருவி எச்சரிக்கை மணியாக மட்டும் நின்றுவிடாமல், உடலின் சொந்த மணி மீண்டும் ஒலிக்கவும் இடங்கொடுக்கிறது. நல்ல கட்டுப்பாட்டில் இருந்த முதல் வகை நீரிழிவினரிடம் நடத்தப்பட்டு 2016இல் வெளியான இம்பாக்ட் ஆய்வில், சென்சார் பயன்படுத்தியோர் தாழ்சர்க்கரையில் கழித்த நேரம் 38 விழுக்காடு குறைந்தது. படுக்கைக்கு முன் விளக்கைப் போட்டுக்கொண்டு விரலைக் குத்துவதும், நடு இரவில் அலாரம் வைத்து எழுந்து மறுபடி குத்துவதும் என்னைப் பொறுத்தவரை நின்றேபோயின. இக்கருவியைப் பற்றி வேறு எதுவும் சொல்ல வேண்டாம், ஒரே வரியில் சொல்லுங்கள் என்றால் தூக்கத்தைத்தான் சொல்வேன்.

ஆனால் அதே இரவில்தான் கருவி படுத்தும் பாடும் இருக்கிறது. சென்சார் ஒட்டியிருக்கும் கையின் மேல் ஒருக்களித்துப் படுத்தால், அழுத்தத்தால் அவ்விடத்தில் நீர்மத்தின் ஓட்டம் குறைந்து, எண் பொய்யாகச் சரியும். தூக்கக் கலக்கத்தில் திரையைப் பார்க்கும்போது 58 என்றிருக்கும்; உடம்பில் ஓர் அறிகுறியும் இராது. விரலைக் குத்திப் பார்த்தால் 104 வரும். புரண்டு படுத்த கால் மணி நேரத்தில் கோடு தானாக மேலே ஏறி ஒன்றும் நடக்காதது போல நிற்கும். வரைபடத்தில் இப்படிப்பட்ட இடம் செங்குத்தான பள்ளமாகவும் செங்குத்தான மேடாகவும் தெரியும். உண்மையான தாழ்நிலை இவ்வளவு கூராக இறங்கி ஏறுவதில்லை என்பதால் மறுநாள் காலையில் பார்க்கும்போது வேறுபடுத்திவிடலாம். இரவு மூன்று மணிக்கு அந்தத் தெளிவு எங்கிருந்து வரும்? எந்தப் பக்கம் படுத்துத் தூங்குபவரோ அதற்கு எதிர்க் கையில் ஒட்டிக்கொள்வதே வழி. இரு பக்கமும் புரள்பவர்கள் சற்றுப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

உண்மையான தாழ்நிலையிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. இதைக் கையேடு சிறிய எழுத்தில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறது. இரத்தத்தில் ஏற்படும் மாற்றம் தோலடி நீர்மத்துக்கு வந்துசேரச் சில நிமிடங்கள் ஆகும். சர்க்கரை வேகமாக மாறும்போது இந்தத் தாமதம் பத்து நிமிடத்தையும் தாண்டுவதுண்டு. தாழ்சர்க்கரைக்கு வழக்கமான பரிந்துரை, 15 கிராம் விரைவில் செரிக்கும் மாவுச்சத்து (குளுக்கோஸ், சர்க்கரை போன்றவை) எடுத்துக்கொண்டு 15 நிமிடம் காத்திருந்து மறுபடி அளப்பது. எடுத்துக்கொண்டபின் இரத்தத்தில் அளவு ஏறத் தொடங்கியிருக்கும். திரையோ இன்னும் 62, 59 என்று இறங்கிக்கொண்டிருக்கும். நடுக்கத்தோடு இருப்பவர் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே மேலும் சாப்பிட்டுவிடுவார், ஒரு மணி நேரத்தில் 240இல் போய் நிற்பார், அதைக் குறைக்க ஊசி போடுவார், மறுபடி இறங்கும். ஆகவே மீண்டு வரும் நேரத்தில் மட்டும் பழைய குளுக்கோமீட்டரைத்தான் நம்ப வேண்டும். இரண்டையும் ஒரே பையில் வைத்துக்கொள்வதை வழக்கமாக்கிக்கொண்டேன். குத்துவதற்கு இனி வேலையில்லை என்ற விளம்பரம் அந்த அளவில் முழு உண்மையன்று.

இனி இந்த மதிப்புரையின் மையக் கேள்விக்கு வருகிறேன். வாழ்க்கைத் தரம் கூடுகிறதா? இதை அளக்கவே கருவிகள் உண்டு, வினாத்தாள் வடிவில். 1995இல் வெளியான நீரிழிவுச் சிக்கல் பகுதிகள் அளவுகோலில் 20 கேள்விகள்; சர்க்கரையைப் பற்றிய இடைவிடாத கவலை, சாப்பாட்டைப் பற்றிய மனவுறுத்தல், தாழ்நிலை பற்றிய பயம், யாரும் புரிந்துகொள்ளவில்லை என்ற எண்ணம் ஆகியவற்றைக் கேட்டு 0 முதல் 100 வரை மதிப்பெண் தரும்; 40ஐத் தொட்டால் நீரிழிவு சார்ந்த மனச்சுமை கடுமையாக இருக்கிறது என்று பொருள். இந்த மனச்சுமை மனச்சோர்வு நோயிலிருந்து வேறானது. நோயைக் கவனித்துக்கொள்ளும் வேலைக்கு விடுமுறையே இல்லாததால் வரும் களைப்பு இது, மாத்திரையால் தீர்வதன்று.

நாளுக்குப் பலமுறை ஊசி போடும் முதல் வகை நீரிழிவினரிடம் நடத்தப்பட்ட டயமண்ட் ஆய்வின் வாழ்க்கைத்தர முடிவுகள் 2017இல் வெளியாயின. சென்சார் பயன்படுத்தியவர்களுக்கு நீரிழிவு சார்ந்த மனச்சுமை குறைந்தது. தாழ்சர்க்கரையைச் சமாளிக்க முடியும் என்ற நம்பிக்கை கூடியது. ஆனால் பொதுவான நல்வாழ்வை அளக்கும் கேள்விகளில், அதாவது உற்சாகமாக இருக்கிறீர்களா, நாள் நிறைவாகப் போகிறதா என்பன போன்றவற்றில், குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. இந்த முடிவு முதலில் படித்தபோது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. இப்போது யோசித்தால் இதைவிட நேர்மையான மதிப்புரை இருக்க முடியாது என்று தோன்றுகிறது. கருவி நீரிழிவின் பாரத்தைக் குறைக்கிறது. வேலை, உறவு, பணம், தனிமை ஆகியவற்றால் வரும் பாரத்தை அது தொடுவதில்லை, தொடவும் முடியாது. இன்சுலின் போடும் இரண்டாம் வகை நீரிழிவினரிடம் நடந்த ரீப்ளேஸ் ஆய்விலும் மூன்று மாதச் சராசரியான ஏ1சி அளவில் இரு குழுவினருக்கும் வேறுபாடு தெரியவில்லை. ஆனால் தாழ்சர்க்கரை குறைந்தது, சிகிச்சையில் மனநிறைவு கூடியது. ஏ1சி மட்டுமே பார்க்கும் மருத்துவருக்கு இது தோல்வியாகத் தெரியும். அணிந்திருப்பவருக்கு அப்படியல்ல.

கருவி கூட்டும் பாரமும் உண்டு. அதை எந்த வினாத்தாளும் சரியாகக் கேட்பதில்லை என்பது என் மனத்தாங்கல். ஒரு நிமிடத்துக்கு ஓர் எண் கிடைக்கும்போது ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்கத் தோன்றுகிறது. முன்பெல்லாம் சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் கழித்து ஓர் அளவு எடுத்தால் நாள் நன்றாகப் போனதாகத் தெரியும், இப்போது நடுவில் 195ஐத் தொட்டுத் திரும்பிய உச்சி கண்ணில் படுகிறது, உறுத்துகிறது. நீரிழிவு இல்லாதவர்களுக்கும் சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை ஏறத்தான் செய்யும் என்பதை அந்தக் கோடு சொல்வதில்லை. ஏறியதைப் பொறுக்காமல், முன் போட்ட ஊசி வேலையை முடிக்குமுன்பே இன்னொன்று போடுவது, ஊசிமேல் ஊசியாகச் சேர்ந்து கடும் தாழ்நிலையில் கொண்டுபோய் விடும். செயலியின் முகப்பில் இருந்த பெரிய எண்ணை மறைத்துவிட்டு, எல்லை தாண்டினால் மட்டும் தெரிவிக்கும்படி வைத்துக்கொண்ட பிறகுதான் கருவியோடு எனக்குச் சமாதானம் ஏற்பட்டது. எல்லாக் கருவிகளும் இந்த வசதியைத் தருவதில்லை, தர வேண்டும்.

எச்சரிக்கை ஒலிகளைப் பற்றியும் இதையே சொல்வேன். உயர்நிலை எச்சரிக்கை ஆலைச் சங்கு போல அறை முழுவதையும் திரும்பிப் பார்க்க வைக்கிறது. ஒரு கூட்டத்தில் அது ஒலித்தால், சொல்ல விரும்பாத ஒன்றை அந்நியர்களிடம் விளக்க வேண்டிவருகிறது. 180இல் ஒலிக்க வைத்தால் நாளெல்லாம் ஒலிக்கும். காது பழகி, உண்மையான ஆபத்துக்கும் அசையாது போய்விடும். உயர்நிலை எல்லையை 250க்குத் தள்ளி, தாழ்நிலை ஒலியை மட்டும் உரக்க வைப்பது நடைமுறைக்கு உகந்தது. 55க்குக் கீழான அவசர எச்சரிக்கையைச் சில கருவிகளில் அணைக்கவே முடியாது. இது எரிச்சலூட்டினாலும் நியாயமே.

அளவைக் குடும்பத்தாரின் கைப்பேசியிலும் தெரியச் செய்யும் வசதி இன்னும் நுட்பமான விஷயம். சிறு பிள்ளையின் பெற்றோருக்கும், தனியே வசிக்கும் முதியவரின் மக்களுக்கும் இது பெருங்கொடை. பள்ளிக்கூடத்தில் இருக்கும் குழந்தையின் அளவைப் பணியிடத்திலிருந்து பார்க்க முடிவது அந்தப் பெற்றோரின் வாழ்க்கைத் தரத்தையும் சேர்த்தே உயர்த்துகிறது. வளர்ந்தவர்களிடையே கதை வேறு. வீட்டுக்குள் நுழைந்ததும் "என்ன சாப்பிட்டாய், ஏன் 230 காட்டுகிறது?" என்ற கேள்வி எதிர்கொள்ளும்போது, அக்கறை கண்காணிப்பாக மாறிவிட்டது தெரியும். "எப்படி இருக்கிறாய்?" என்பதே நாளடைவில் "எத்தனை இருக்கிறது?" என்று சுருங்கிவிடுகிறது. எங்கள் வீட்டில் தாழ்நிலை எச்சரிக்கை மட்டும் போகட்டும், உயர்நிலை எனக்கும் மருத்துவருக்கும் இடையில் இருக்கட்டும் என்று பேசி முடித்துக்கொண்டோம். பதின்ம வயதினர் உள்ள வீடுகளில் இந்தப் பேச்சு சென்சாரை ஒட்டுவதற்கு முன்பே நடந்துவிட வேண்டும். இல்லையென்றால் அவர்கள் கைப்பேசியை அணைத்துவைக்கக் கற்றுக்கொள்வார்கள்.

மருத்துவரைச் சந்திக்கும்போது கருவி நல்ல துணை. 2019இல் சர்வதேச நிபுணர் குழு ஒப்புக்கொண்ட வரையறைப்படி, பெரும்பாலான வளர்ந்தவர்களுக்கு நாளில் 70 விழுக்காட்டுக்கு மேற்பட்ட நேரம் அளவு 70க்கும் 180க்கும் இடையில் இருக்க வேண்டும். 70க்குக் கீழே 4 விழுக்காட்டுக்குள், அதாவது நாளுக்கு ஒரு மணி நேரத்துக்குள், அடங்க வேண்டும். 54க்குக் கீழே ஒரு விழுக்காட்டுக்கும் குறைவாக. முதியவர்களுக்கும் ஆபத்து அதிகமுள்ளவர்களுக்கும் எல்லைக்குள் பாதி நேரம் இருந்தால் போதும். தாழ்நிலையைத்தான் அவர்கள் மிகக் கடுமையாகத் தவிர்க்க வேண்டும். இரண்டு பேருக்கு ஏ1சி ஒரே 7ஆக இருக்கலாம். ஒருவர் சீராகவும் மற்றவர் 50க்கும் 300க்கும் இடையே ஊஞ்சலாடியும் அதை அடைந்திருக்கலாம். இரத்தசோகை உள்ளவர்களுக்கு ஏ1சியே திரிந்து வரக்கூடும். இவையெல்லாம் 14 நாள் வரைபடத்தில் ஒரே பார்வையில் தெரிந்துவிடுகின்றன. இன்சுலின் அளவை மாற்றும் முடிவு ஊகத்திலிருந்து விலகி மேசை மேல் வந்துவிடுகிறது. மருத்துவர் அறிக்கையைத் திறந்து பார்க்க நேரம் ஒதுக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. ஒதுக்காத இடத்தில் இத்தனை தரவும் வீண்.

தோலைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பெரும்பாலோருக்குச் சிறு சிவப்போடு போய்விடும். சிலருக்கு ஒட்டிய வட்டம் முழுதும் அரித்து, கொப்புளித்து, கழற்றிய பின்பும் வாரக்கணக்கில் தடம் நிற்கும். சில சென்சார்களின் பசையிலும் உறையிலும் இருந்த ஐசோபோர்னைல் அக்ரிலேட் என்ற வேதிப்பொருளே ஒவ்வாமைக்குக் காரணம் என்று 2017 வாக்கில் தோல் மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். ஒவ்வாமை ஒருமுறை வந்துவிட்டால் அடுத்த முறை இன்னும் விரைவாக வரும். தாங்கிக்கொண்டு தொடர்வது தவறு, வேறு தயாரிப்புக்கு மாறுவதே சரி. சில மருந்துகளும் எண்ணைத் திரிக்கும். சில சென்சார்களில் நாளொன்றுக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் வைட்டமின் சி எடுத்தால் அளவு பொய்யாக உயர்ந்து காட்டும், முந்தைய தலைமுறைக் கருவிகள் சிலவற்றில் பாராசிட்டமாலும் அப்படியே, ஹைட்ராக்ஸியூரியா என்ற மருந்து இன்னொன்று. பொய்யாக உயர்ந்த எண்ணை நம்பி இன்சுலின் போடுவது விபரீதம் என்பதால், தங்கள் மருந்துப் பட்டியலைக் கையேட்டோடு ஒப்பிடாமல் யாரும் தொடங்கக்கூடாது. எம்.ஆர்.ஐ. எடுக்குமுன் கழற்றச் சொல்லும் கருவிகளும் உண்டு.

யாருக்குப் பரிந்துரைப்பேன்? நாளுக்குப் பலமுறை இன்சுலின் போடுபவர், இன்சுலினைத் தொடர்ந்து செலுத்தும் பம்ப் பயன்படுத்துபவர், முன்னறிகுறி தெரியாமல் தாழ்நிலைக்குப் போகிறவர், கருவுற்றிருக்கும் முதல் வகை நீரிழிவினர் ஆகியோருக்குத் தயக்கமே இல்லை. இரவில் ஒரே ஊசி போடுபவர்களுக்கும், தாழ்நிலையை உண்டாக்கக்கூடிய மாத்திரை எடுப்பவர்களுக்கும் தொடர்ந்து இல்லாவிட்டாலும், சிகிச்சையை மாற்றும் சமயங்களில் ஒரு சென்சார் நிறையச் சொல்லும். தாழ்நிலை ஏற்படுத்தாத மாத்திரைகளோடு நலமாக இருப்பவருக்கு ஆண்டுக்கு ஓரிரு முறை, தன் உணவும் நடையும் கோட்டை எப்படி அசைக்கின்றன என்று பார்க்கப் பயன்படும். நிரந்தரமாக அணிவதால் கவலை கூடுமே தவிர நலம் கூடும் என்று தோன்றவில்லை. இன்சுலின் போடாதவர்களுக்காக மருந்துச்சீட்டு இல்லாமலே வாங்கக்கூடிய சென்சாருக்கு அமெரிக்காவில் 2024இல் அனுமதி வழங்கப்பட்டது. அதில் தாழ்நிலை எச்சரிக்கை இல்லை என்பதால் இன்சுலின் போடுபவர்கள் கவர்ச்சியில் அதை வாங்கிவிடக்கூடாது. எண்ணைக் கண்டாலே பதறுபவர்கள், உணவோடு ஏற்கெனவே சிக்கலான உறவு உள்ளவர்கள் மருத்துவரோடும் மனநல ஆலோசகரோடும் பேசிவிட்டே தொடங்க வேண்டும்.

செலவுதான் கடைசித் தடை, பலருக்கு முதல் தடையும் கூட. கருவி ஒருமுறை வாங்கி முடித்துவிடும் பொருளன்று. 14 நாளுக்கு ஒருமுறை புதிதாக வாங்க வேண்டும், காப்பீடு ஏற்காத இடங்களில் முழுவதும் கைக்காசு. நிறுத்தி நிறுத்தி அணிந்தாலும் பயனுண்டு என்பதால், வாங்க முடிந்த அளவில் திட்டமிட்டுக்கொள்ளலாம்: ஊசியின் அளவை மாற்றும் வாரங்கள், பயணம், காய்ச்சல், மருத்துவரைச் சந்திப்பதற்கு முந்தைய இரு வாரங்கள் ஆகியவற்றுக்கு முன்னுரிமை. 14 நாள் முடியுமுன் செயலிழந்த சென்சார்களுக்கு, அடையாள எண்ணோடும் பிழைச் செய்தி தெரியும் திரையின் படத்தோடும் மாற்றுக் கேட்டால் பெரும்பாலும் மாற்றித் தருகிறார்கள்; பெட்டியைத் தூக்கி எறியாமல் வைத்திருக்க வேண்டும். புதியதை ஒட்டுவதற்குக் காலை நேரத்தைத் தேர்ந்துகொள்வது நல்லது. தடுமாறும் முதல் சில மணி நேரம் விழித்திருக்கும் பொழுதில் கழிந்துவிடும், ஐயம் வந்தால் விரலைக் குத்திச் சரிபார்க்கவும் முடியும்.